சத்தம் போடாத எழுத்துகள்

2024 பெப்ரவரி 3, கேள்வி

"கடனுக்கு ஆங்கிலத்தில் டெட் என்கிறோம். எழுதும்போது நடுவில் ஒரு பி. முந்தின காலத்தில் வெள்ளைக்காரர் டெப்ட் என்றே சொன்னார்களாம், போகப்போக நாக்கு சோம்பி பி விழுந்துவிட்டதாம். ரியூசன் சேர் சொன்னார். உண்மையா? எல்லா ஊமை எழுத்தும் அப்படித்தானா?"

(திருகோணமலை உப்புவெளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் ஒரு பிள்ளை கேட்டது.)

பெப்ரவரி 3, இரவு

சேர் சொன்னது பாதி சரி. முழங்காலுக்குச் சொல்லும் நீ, கத்திக்குச் சொல்லும் நைஃப், இரண்டின் தலையிலும் நிற்கிற கே ஒரு காலத்தில் வாயில் இருந்ததுதான். பிறகு உதிர்ந்தது. டெட் அந்த ரகம் இல்லை.

அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோதே பி இல்லாமல்தான் வந்தது. எழுதியதும் டி-ஈ-ரி-ரி-ஈ. பின்னால் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீனைக் கரைத்துக் குடித்த ஆட்கள் இந்தச் சொல்லின் பூட்டன் யாரென்று தேடிப்போனார்கள். லத்தீனில் டெபிட்டும், கொடுக்கவேண்டியது என்று பொருள். அதில் பி இருக்கிறது. பூட்டனுக்கு இருந்த மச்சம் பேரனுக்கும் இருக்கவேண்டும் என்று பேனையால் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். ஊர்ச்சனம் அதைக் கவனிக்கவே இல்லை. முதல்நாள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொன்னார்கள். அந்த பி பிறந்ததே ஊமையாகத்தான். சந்தேகத்துக்குச் சொல்லும் டௌட்டிலும் இதே கதை; அங்கே பூட்டன் டூபிடாரே.

எனக்கு இதில் பழைய எரிச்சல் ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புச் சொல்வதெழுதலில் டி-ஈ-ரி என்று எழுதி மூன்று அடி வாங்கினேன். அடிமட்டத்தால், விரல் மூட்டில். ஐந்நூறு அறுநூறு வருடம் முந்திப் பிறந்திருந்தால் சரி போட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சேர் சொன்ன அதே விளக்கத்தை, என் கடை வாங்கில் இருந்து படித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 4

கடை என்றேனே, நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு தட்டச்சு, போட்டோகொப்பிக் கடை. வாசலில் பலகை. போட்டோகொப்பி, டைப்பிங், லமினேற்றிங், ரிசீட் புக் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. நாலாவது வரியில் பெயின்டர் பி-யை விட்டுவிட்டார். ஆறு வருடமாக அப்படியே கிடக்கிறது. வருகிற சட்டத்தரணிகளில் பாதிப்பேர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

இன்று காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியில் நின்று அந்தப் பலகையைப் பார்த்தேன். ரிசீட்டும் அதே மாதிரித்தான்: பிரெஞ்சு வழியாக வந்தபோது பி கிடையாது, லத்தீன் ரெசெப்டாவைப் பார்த்துப் பிறகு செருகியது. ஏமாற்றுக்குச் சொல்லும் டிசீட், தலைக்கனத்துக்குச் சொல்லும் கொன்சீட், இரண்டும் இதன் கூடப்பிறந்தவை. மூன்றுக்கும் வேர் லத்தீனில் பிடிப்பது, எடுப்பது என்ற ஒரே வினை. பழைய அச்சில் அந்த இரண்டுக்கும்கூட பி போட்டு எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டவில்லை. மூன்று அக்கா தங்கையில் ஒருத்திக்கு மட்டும் மூக்குத்தி குத்தி விட்டுவிட்டார்கள்.

(டெட்டில் இருப்பது ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து, ரிசீட்டில் இருப்பது பதினாறாவது. தமிழில் எழுதினால் இரண்டும் பி. நமக்கு அந்தத் தலையிடி இல்லை.)

பெப்ரவரி 4, கொஞ்சம் பிந்தி

நம்முடைய ரசீதும் இந்த ரிசீட்டிலிருந்து வந்ததுதான். பி இல்லாமலே எடுத்துக்கொண்டோம், கெட்டிக்காரர்.

பெப்ரவரி 5

ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் ஒரு பள்ளி வாத்தியார் வருவார். டௌட் என்ற சொல்லை பி இல்லாமல் சொல்கிறவர்களை, டெட் என்று பி இல்லாமல் சொல்கிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. எழுத்தில் இருப்பதை எல்லாம் உச்சரித்தால்தான் படித்தவன் என்பது அவர் கட்சி. 1598இல் அச்சான நாடகம். ஆக, அப்போதே சனம் பி-யைச் சொல்லவில்லை, வாத்தியார் ஒருத்தர் மட்டும் மல்லுக்கட்டினார், பார்த்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ரியூசன் சேரிடம் இதைச் சொல்லவேண்டாம்.

பெப்ரவரி 6

நேற்று முன்தினம் ரசீது பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். பிழை. ரசீது பாரசீகம். ரசீத் என்றால் வந்து சேர்ந்தது. காசு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, ரசீது. இங்கிலீசுக்காரன் வராவிட்டாலும் அந்தச் சொல் தமிழுக்கு வந்திருக்கும். எங்கள் பக்கத்தில் படிவங்களில் பற்றுச்சீட்டு, வாயில் ரிசீட். ரசீது இந்தியப் புத்தகங்களில்தான் அதிகம் காண்பது. அதுதான் கண் தவறியது.

ஒரே மாதிரிச் சத்தம் வந்தால் சொந்தம் என்று நினைத்தேன். அந்தப் பண்டிதர்கள் பார்த்த வேலையை நானும் ஒரு நாள் பார்த்துவிட்டேன். அவர்களுக்காவது டெட்டில் சொந்தம் சரியாக இருந்தது.

பெப்ரவரி 9

சொந்தம் பிழையாகப் போன கதை வேண்டுமென்றால் ஐலன்ட்.

நிலாவெளியில் புறாமலைக்கு ஆள் ஏற்றும் ஒரு படகுக்காரத் தம்பி போன வருடம் வந்தார். பலகைக்கு வசனம் கொண்டுவந்தார், கொப்பி ஒற்றையில். பிஜன் ஐலன்ட் என்பதில் எஸ் இல்லை. "தம்பி, இதில் ஒரு எஸ் வரும்" என்று போட்டுக் கொடுத்தேன். "எங்க அண்ணன் அது சத்தத்தில இருக்கு?" என்று கேட்டார். "லத்தீன் இன்சுலா, அதிலிருந்து வந்தது" என்று பெரிய படிப்பாளி மாதிரிச் சொல்லி அனுப்பினேன்.

அதுவும் பிழை. ஐலன்டுக்கும் இன்சுலாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. தீவைக் குறிக்கும் பழைய சொல் ஒன்றோடு நிலம் என்ற லாண்ட் ஒட்டி வந்தது. பல நூறு வருடம் எஸ் இல்லாமலே எழுதினார்கள், படகுக்காரத் தம்பி எழுதிய அதே மாதிரி. பிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்று இன்னொரு சொல் உண்டு, அதற்கும் தீவு என்றுதான் பொருள், அது உண்மையிலேயே இன்சுலாவின் வாரிசு. அதில் எஸ் இருந்தது. பொருளும் ஒன்று, சத்தமும் கிட்ட, அப்படியானால் இதற்கும் எஸ் என்று 16ஆம் நூற்றாண்டில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. சேர்ச்சில் வாங்குகளுக்கு நடுவில் நடந்துபோகும் வழிக்கும் ஐல் என்றுதான் பெயர். அது லத்தீன் ஆலா, சிறகு. கட்டடத்தின் சிறகு என்று ஆரம்பித்தது. அதற்கும் எஸ் தொற்றிக்கொண்டது. தீவும் இல்லை, கடலும் இல்லை, ஆனால் எஸ்.

எங்கள் துறைமுகத்துக்கு மேலே பறக்கிற ஆலாவும் சிறகுள்ளதுதானே என்று யாரும் கிளம்பவேண்டாம். ரசீதில் பட்டது போதும்.

பெப்ரவரி 10

மேசையில் கிடக்கிற கத்தரிக்கோலும்! சிசர்ஸின் தலையில் எஸ்-சி என்ற சோடி பிறகு வந்தது. அரிவாளுக்குச் சொல்லும் சைத் அசல் ஆங்கிலச் சொல், லத்தீனே இல்லை. அதற்கும் லத்தீனில் வெட்டுவது என்ற வினையின் நினைவில் ஒரு சி.

பெப்ரவரி 17

ஒரு வாரம் எழுத முடியவில்லை, வழக்குத் தவணைகள் கூட. கேணலைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்.

பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் வெலிங்டன் ஹவுஸ் என்று ஒரு பழைய கட்டடம். அந்த வெலிங்டன், பின்னால் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்தவர். 1800 கடைசியில் இங்கே வந்து 1801 தொடக்கம் வரை இருந்தபோது அவர் வெறும் கேணல் ஆர்தர் வெல்லெஸ்லி. சின்ன வயதில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே புத்தகத்தில் படித்ததை "கொலோனல்" என்று சத்தமாகச் சொல்லி, கூட வந்த மாமாவிடம் வாங்கிக் கட்டினேன். பக்கத்தில் படுத்திருந்த மான்கூடத் திரும்பிப் பார்த்தது.

இதன் வேர் இத்தாலி. கொலொன்னெல்லோ, படை நிரையின் தலைவன். அடியில் லத்தீன் கொலும்னா, தூண். ஒரே சொல்லில் இரண்டு எல் வந்தால் நாக்கு தடுக்கும். பிரெஞ்சுக்காரர் முதல் எல்-ஐ ஆர் ஆக்கி கொரொனெல் என்றார்கள். ஆங்கிலம் அதைத்தான் வாங்கியது. அப்புறம் படித்தவர்கள் வந்து, மூலத்தில் எல் அல்லவா என்று எழுத்தை மட்டும் திருத்தினார்கள். வாய் திருந்தவில்லை. எழுத்து இத்தாலிக்குப் போய்விட்டது, வாய் பிரான்சிலேயே நின்றுவிட்டது.

இங்கே எனக்குப் பிடித்த இடம்: நாங்கள் கேணல் என்று எழுதுகிறோம், இந்தியத் தமிழர் கர்னல் என்று எழுதுகிறார்கள். இரண்டு பேரும் காதை நம்பினார்கள். ஒருவருக்கும் அந்த எல் பொருட்டில்லை.

லெப்டினன்ட் இன்னும் பெரிய சனியன். எழுத்தைப் பார்த்தால் அதில் எங்கே எஃப்? பிரெஞ்சில் லியூ என்றால் இடம் (லத்தீன் லோக்குஸ்), தெனான் என்றால் பிடித்திருப்பவர். மேலதிகாரி இல்லாத நேரம் அவருடைய இடத்தைப் பிடித்து நிற்பவர். பிரித்தானியர் லெஃப் என்கிறார்கள், அமெரிக்கர் லூ என்கிறார்கள். நாங்கள் பிரித்தானியரிடம் கேட்டோம், அதனால் எங்கள் பேப்பரில் ப் வந்துவிட்டது.

பெப்ரவரி 18

கடற்படை ஊரில் இருந்துகொண்டு அட்மிரலை விட்டுவிட்டேன். அது லத்தீனே இல்லை, அரபு அமீர். பிரெஞ்சில் அமிரால் என்றுதான் இருந்தது. லத்தீனில் வியந்து பார்ப்பதற்கு அட்மிராரி என்று ஒரு சொல் இருக்க, பெரிய மனிதரை வியக்காமல் எப்படி என்று டி நுழைந்துவிட்டது. ஆனால் இந்த டி ஊமையாக நிற்கவில்லை, வாய்க்குள்ளும் ஏறிவிட்டது. அதிகாரிகளின் எழுத்து!

நங்கூரமும் உண்டு. கடையில் பிள்ளைகளுக்கு அங்கர் பால்மா கரைக்கிறபோது பக்கெற்றைப் பாருங்கள், சி-க்குப் பிறகு ஒரு எச். லத்தீன் அன்கொராவில் எச் இல்லை. பிற்கால லத்தீன்காரர் சிலர் பிழையாக எச் போட்டு எழுதினார்கள், ஆங்கிலம் அந்தப் பிழையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. கொப்பி அடிக்கிறவன் பக்கத்துப் பெடியனின் பிழையையும் சேர்த்து அடித்த மாதிரி.

பெப்ரவரி 25

அம்மப்பாவின் கொப்பி ஒன்று தங்கச்சி வீட்டு அலுமாரியில் கிடந்தது. அவர் வெள்ளைக்காரர் காலத்தில் டொக்யார்ட்டில் களஞ்சியத்தில் சாமான் தூக்கியவர். 1957இல் தளம் இலங்கையிடம் வரும்வரை அங்கேதான். ஆங்கிலம் காதால் மட்டும் தெரியும், எழுதினால் தமிழில். கறையான் தின்ற மிச்சத்தில் ஒரு பக்கம் இப்படி: "விட்டில்ஸ் 14 பெட்டி. றிசீற்று வாங்கியாச்சு."

சின்ன வயதில் இதைப் பார்த்துவிட்டு, கப்பலுக்குப் பெட்டி பெட்டியாக விட்டில் பூச்சி ஏற்றினார்கள் என்று நினைத்தேன். விளக்கைச் சுற்றுகிற அதே விட்டில். எதற்கு என்று கேட்கவில்லை, வெள்ளைக்காரனுக்கு என்ன தேவையோ.

பிறகு பல வருடம் கழித்து, கடைக்கு வந்த ஒரு பழைய கப்பல் பட்டியலை டைப் பண்ணிக்கொண்டே "விக்சுவல்ஸ்" என்று வாசித்தேன். உணவுப் பொருள். கொண்டுவந்த ஓய்வுபெற்ற மாலுமி சிரித்தார். "தம்பி, அது விட்டில்ஸ்." அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சில் சி இல்லாமல் வித்தாய் என்கிற மாதிரி இருந்ததை, லத்தீன் விக்டுவாலியாவைக் காட்டி சி-யும் யு-வும் திணித்தது. வாய் மாறவில்லை. எட்டாம் வகுப்பும் தாண்டாத மனுசன் எழுதினது சரி. நான் பிழை.

அந்தப் பக்கத்தை லமினேற் பண்ணி வைத்திருக்கிறேன்.

மார்ச் 2

ஒரு இளம் ஜூனியர் சட்டத்தரணி இன்று கடையில் போனில் "இன்டிக்ட்மென்ட், இன்டிக்ட்மென்ட்" என்று கதைத்துக்கொண்டிருந்தார். குற்றப்பகர்வு. இன்டைட்மென்ட் என்று சொல்லவேண்டும், சி சும்மா நிற்பது. பக்கத்தில் நின்ற முதிய எழுதுவினைஞர் தொண்டையைக் கனைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் முப்பது வயது வரை அப்படித்தான் சொன்னேன்.

அந்த சி லத்தீன் டிக்டாரேயிலிருந்து, சொல்லி எழுதுவிப்பது. டிக்டேஷனும் அதிலிருந்துதான். சொல்வதெழுதலும் குற்றப்பகர்வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எனக்கு இது ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும்.

மார்ச் 3

"எல்லாம் ஊமையாகவே நின்றதா?" என்று கேள்வி. இல்லை. குறைபாட்டுக்குச் சொல்லும் ஃபோல்ட் எல் இல்லாமல் வந்தது; எல் போட்டார்கள்; இப்போது எல்லாரும் எல்-ஐச் சொல்கிறார்கள். பர்ஃபெக்ட் முன்பு பார்ஃபிட். அட்வெஞ்சர் முன்பு டி இல்லாத அவெஞ்சர். எழுத்து போய் நாக்கை இழுத்துக்கொண்டு வந்த இடங்கள் இவை. சல்மன் மீனில் எல் தோற்றது. எங்கள் கடைகளில் செமன் ரின் என்கிறோம், எல் இல்லாமல், ஆங்கிலேயரைவிடச் சுத்தமாக. ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் மக்கரல் என்பது வேறு கதை.

நாக்கை எழுத்து இழுப்பதற்கு வெளியூருக்குப் போகவேண்டாம். பஸ்ஸில் கேளுங்கள்: "ட்ரிங்கோவில இறக்கிவிடுங்கோ." திருவில் ஏது ட்ரி, கோணத்துக்கு முன்னால் ஏது ன்? ஆங்கில எழுத்தில் பார்த்துப் பார்த்து, பிறந்து வளர்ந்தவனும் அப்படிச் சொல்கிறான். நானும் சொல்கிறேன். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது, அதன் உடம்பிலும் அதே எழுத்துத்தான்.

மார்ச் 16

காலையில் பாண் வாங்கப் போன இடத்தில் வந்த யோசனை. பாண், போர்த்துக்கீசம் வழியாக வந்த லத்தீன் பானிஸ். கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் 1624இல் இங்கே கோட்டை கட்டிய அதே போர்த்துக்கீசர். அவர்கள் விட்டுப்போன சொல்லைத்தான் சம்பலோடு தின்கிறோம். கதிரை, அலுமாரி, மேசை, சாவி, ஜன்னல், எல்லாம் அந்த வழி. வீட்டுக்குள் இவ்வளவு லத்தீன் இருக்கிறது, ஒரு ஊமை எழுத்து இல்லை. காதால் வந்ததால்.

மேசையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். லத்தீனில் மென்சா, நடுவில் என். ஆனால் ரோமர்களே அந்த என்-ஐ வாயால் சொல்லவில்லை. எஸ்-க்கு முன்னால் என் வந்தால் விழுங்கிவிடுவார்கள். கொன்சுல் என்ற பதவியைச் சுருக்கி எழுதியபோது சி-ஓ-எஸ் என்றே கல்லில் வெட்டினார்கள். ஆக, எந்த லத்தீனைப் பார்த்து ஆங்கிலப் பண்டிதர்கள் எழுத்துகளைச் செருகினார்களோ, அந்த லத்தீனிலேயே ஊமை எழுத்து! எங்கள் மேசை அந்த என்-ஐ எங்கேயோ வழியில் இறக்கிவிட்டு வந்தது.

இறாத்தல் பாண் என்கிறோமே, 450 கிராம், அந்த இறாத்தல் அரபு எடை ரத்ல். ஆங்கிலத்தில் பவுண்ட் என்று சொல்லிவிட்டு எல்-பி என்று எழுதுவார்கள். அந்த எழுத்துகளில் ஒன்றுகூடச் சத்தத்தில் இல்லை. லத்தீன் லிப்ரா, தராசு. இதற்கு மேல் ஊமை இருக்க முடியாது.

மார்ச் 20

இது ஆங்கிலேயர் வியாதி மட்டும் என்று எழுதிவைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

தேத்தண்ணிக் கடையில் வழக்கமான சண்டை. ஒருவர் திருகோணமலை. ஒருவர் புணர்ச்சி இலக்கணப்படி க் போட்டுத் திருக்கோணமலை. மூன்றாவது பெரியவர், "இரண்டும் பிழை, திரிகோணம், மூன்று கோணம், வடமொழி" என்று திரிகோணமலை எழுதச் சொல்கிறார். நான் அவரைப் பார்த்தேன். டெட்டுக்கு பி போட்டவர் வேட்டி கட்டி வந்து முன்னால் இருக்கிற மாதிரி இருந்தது. சம்பந்தர் தேவாரத்தில் கோணமாமலை. திருவும் இல்லை, திரியும் இல்லை.

சொன்னேன். "நீர் போட்டோகொப்பி எடும்" என்றார்.

ஏப்ரல் 6

புது வருடத்துக்குப் பலகையைப் புதுப்பிக்கிறேன். அதே பெயின்டர்தான். எழுத்துக்கு 150 ரூபா கேட்டார், முன்னர் 40. நாலாவது வரிக்கு வந்ததும் கீழே பார்த்து, "அண்ணன், அந்த பி-யைப் போடவா? போன தடவை விட்டதுக்கு ஆறு வருசம் ஏசினீங்க."

இவ்வளவு எழுதிவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் மனம். ஆனால் சட்டத்தரணிகள். "போடுங்க. ஆனா சத்தம் வராத எழுத்து, அரைவாசிக் காசுதான்."

"பெயின்டுக்குச் சத்தம் தெரியாது, அண்ணன்."

போட்டார். முழு 150. கடைசி வரியில் ஊர்ப்பெயர் தமிழில். க் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.